நெடுந்தீவுக்குப் போகுமுன்

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், நெடுந்தீவு வீடமைப்புப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தபோது கல்லூரி நினைவுகளைச் சொல்லும்படிதான் முதலில் கேட்டார்கள். அதற்கு எங்களைவிட மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1995 இல் உயர்தர வகுப்பில் இருந்த நாங்கள் வேறொரு விடயத்தைப் பேச அனுமதி கேட்டோம். வரும் ஜனவரியில் நெடுந்தீவில் எங்கள் இரண்டாவது வீட்டு வேலைக்குப் போகிறோம். பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். கூட்டிச் செல்லக்கூடியது பதினான்கு பேரை மட்டுமே. அவர்கள் எப்படி ஆயத்தமாக வரவேண்டும், முதல் தடவை நாங்கள் எவ்வளவு ஆயத்தமில்லாமல் போனோம் என்பதைச் சொல்லத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வகுப்பில் இருவர் வைத்தியர்களாகிவிட்டோம். ஆகவே ஊசி, மருந்து என்று பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும், எங்களில் பலர் நெடுந்தீவை முதன்முதலில் கண்டது 2023 ஓகஸ்ட் மாதத்தில்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, பிறகு புங்குடுதீவு, அங்கே குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கப்பால் பாலம் கிடையாது. கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சிறுவயதில் எங்கள் வீடுகளில் நெடுந்தீவு என்ற பெயர் வந்தால் கூடவே குமுதினிப் படகின் பெயரும் வரும், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது நாங்கள் பாலர் வகுப்பைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. படகில் ஏறி உட்கார்ந்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தீவில் இறங்கினால் கண்ணுக்கு நிறையவே உண்டு. சாந்தில்லாமல் முருகைக்கற்களை அடுக்கியே கட்டிய மதில்கள், வெட்டையில் மேயும் குதிரைகள், பெருக்குமரம், இடிந்த ஒல்லாந்தர் கோட்டை. இவற்றைப் பார்க்க ஒருநாள் போதும், அதற்கென்று ஒருநாள் ஒதுக்கியுமிருக்கிறோம். வீடு கட்டப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. ஒரு பை சீமெந்து, ஒரு கம்பி, ஒரு கட்டுமணல் என்றாலும் லொறியில் குறிகட்டுவானுக்கு வந்து, ஆட்கள் தோளில் ஏற்றிப் படகுக்குப் போய், மறுகரையில் மறுபடி தோளில் இறங்கி, உழவு இயந்திரத்தில் வளவுக்கு வரவேண்டும். கண்முன்னால் கடற்கரை முழுவதும் மணல் கிடக்கிறதே என்று எங்களில் ஒருவர் கேட்டார். உப்பு மணலையும் உவர்த் தண்ணீரையும் கம்பி வைத்த கொங்கிறீட்டில் சேர்த்தால் கம்பி உள்ளேயே துருப்பிடித்துக் கொங்கிறீட்டை வெடிக்கவைக்கும் என்று மேசன் விளக்கினார். சரி, அந்தக் காலத்தைப்போல முருகைக்கல்லால் கட்டலாமே என்றால், முருகைக்கல் தோண்டுவது இன்று சட்டப்படி தடை. ஆகவே யாழ்ப்பாண நகரில் ஒரு அறை கட்டும் காசு அங்கே ஒரு அறைக்குப் போதாது.

நாங்கள் போன வீட்டில் மகன் கடற்றொழில். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவரது தாயார். பிள்ளைகள் அப்பம்மா என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்பம்மா என்றே கூப்பிட்டோம். சேமிப்பை வைத்து அத்திவாரம் போட்டு, யன்னல் மட்டம்வரை சுவர் எழுப்பியிருந்தார்கள். 2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து சீமெந்தின் விலை ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாமல் தொழிலும் படுத்தது. சுவர் அந்த மட்டத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் ஐந்து பேரும் இருந்தார்கள்.

போருக்குப் பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாகக் கொடுத்து, வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்கும் முறையொன்று இருந்தது. உங்களில் சிலரின் உறவினர்கள் அப்படிக் கட்டியிருப்பீர்கள். நாங்களும் அந்த வழியையே எடுத்தோம். காசும் கையும் எங்களுடையவை, தீர்மானம் அவர்களுடையது. சொல்வது சுலபம். எங்களில் ஒருவர் கட்டடக்கலை படித்தவர், குசினியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து அழகான வரைபடமொன்று கீறிக்கொண்டு வந்திருந்தார். அப்பம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். விறகு எரிக்கும் வீட்டில் குசினி தனியே, காற்றுப் போகும் திசையில்தான் இருக்கவேண்டும். வைத்தியர்களான எங்களுக்காவது அது தோன்றியிருக்க வேண்டும். புகையால் வரும் இருமலுக்கு எத்தனை பேருக்கு மருந்து எழுதியிருக்கிறோம்!

இனி, கஷ்டமான கேள்விக்கு வருவோம். இலண்டன் கிளைக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: “இத்தனை பேர் விமானத்தில் போய், மேசன் அரைநாளில் கட்டும் சுவரை நாலு நாள் கட்டுகிறீர்களே, ரிக்கெற் காசை அனுப்பினால் என்ன?” அவர் கேட்டதில் பிழையே இல்லை. கணக்குப் பார்த்தோம். எங்கள் பதினான்கு ரிக்கெற்றும் அந்த வீட்டை முடிக்கத் தேவைப்பட்ட காசைவிடக் கூட. அன்றிலிருந்து சில விடயங்களைக் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். இந்த வேலைக்காக மட்டும் ஒருவரும் விமானம் ஏறவேண்டாம். எப்படியும் ஊருக்கு வர இருப்பவர்கள் அதில் பத்து நாளைத் தாருங்கள். வருகிறவர் வராதவரைவிடக் குறைவாகக் காசு போடக்கூடாது. வீட்டுக் காசு முழுவதும் வேலை தொடங்குமுன் வங்கியில் இருக்கவேண்டும். மேசனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் நாங்கள் நிற்கும் நாட்களிலும் முழுச் சம்பளம். இலவசமாகக் கல் தூக்க நாங்கள் வந்திறங்கியதால் தீவில் ஒரு இளைஞனுக்குப் பத்து நாள் கூலி இல்லாமல் போகுமென்றால் அதற்குப் பெயர் உதவி அல்ல.

அப்படியானால் ஏன் போகிறீர்கள் என்று அந்த அக்கா விடாமல் கேட்டார். போகாமல் காசு மட்டும் அனுப்பியிருந்தால் அந்தக் குசினியை வீட்டுக்குள்ளே கட்டுவித்திருப்போம் என்றோம். அவர் சிரித்தார், ஆனால் முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. இப்போது ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அங்கே உங்கள் பதவி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். மேசனுக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பவரை எங்கள் ஊரில் முட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்காளர், பொறியியலாளர், விரிவுரையாளர், வைத்தியர் என்று பதினான்கு முட்டாள்கள் போயிறங்கினோம். முதல்நாள் எங்களை நம்பி ஒரு சுவரைத் தந்தார்கள். நான்கு வரி வைத்தோம். மேசன் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, நான்கு வரியையும் கழற்றினார். பிறகு சொன்னார்: “டொக்டரம்மா, நீங்கள் மணலை அரியுங்கோ. சுவரை நாங்கள் பாப்பம்.” மணல் அரிப்பது, கல் கைமாற்றுவது, கலவையைத் தாச்சியில் தூக்கிக் கொடுப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவது, கடைசியில் பெயின்ற் அடிப்பது. இவைதான் எங்கள் வேலை. சாந்தகப்பையோடு படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் முதலிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.

படம் என்றதும் இன்னொன்று. வீட்டுக்காரர் கையில் திறப்பைக் கொடுத்து, மாலை போட்டுப் படம் எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தகரக் கொட்டிலையும் எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளை அழைத்துவர விரும்பினால் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்கட்டும், வேலை செய்ய வரட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் தருவீர்களா என்று இதுவரை மூன்று தாய்மார் கேட்டுவிட்டார்கள். தரமாட்டோம்.

சரி, வைத்தியம். கடைசியாக ஏற்பு ஊசி போட்டுப் பத்து வருடங்களுக்கு மேலானவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நெருப்புக்காய்ச்சலுக்கும் ஹெப்பரைரிஸ் ஏ நோய்க்கும் உரிய தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரை தேவையில்லை. இலங்கை 2016 இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது, அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும். ஆகவே நீளக்கைச் சட்டை வெயிலுக்கு மட்டுமல்ல. அடுக்கி வைத்த கல்லுக்குள்ளே வெறுங்கையை விடாதீர்கள், தேளும் இருக்கும், பாம்பும் இருக்கும். கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வேர் அரைப்பது ஒன்றும் வேண்டாம். கடித்த காலையோ கையையோ அசைக்காமல் உடனே தீவு வைத்தியசாலைக்கு. அங்கிருந்து யாழ்ப்பாணம் அனுப்புவதா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

சீமெந்தைப் பற்றி ஒருவரும் பயப்படுவதில்லை, அதனால்தான் சொல்கிறோம். ஈரச் சீமெந்து காரம். முழங்காலிட்டு வேலை செய்யும்போது காற்சட்டை நனைந்தால் அப்போது நோகாது. மாலையில் தோல் சிவந்திருக்கும், மறுநாள் புண்ணாகியிருக்கும். றப்பர் கையுறையும் உயரமான சப்பாத்தும் கொண்டுவாருங்கள். பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவவேண்டும்.

தண்ணீர் என்று சொல்லிவிட்டோம். உண்மையில் இன்று பேச வந்தது இதைத்தான்.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள், காலை பதினொரு மணியிருக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்த எங்கள் தோழி மணல் அரித்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சம்பந்தமில்லாமல் எதையோ பேசத் தொடங்கினார். பிறகு அப்படியே சரிந்துவிட்டார். வெயிலில் வேலை செய்கிறவர் பேச்சுத் தடுமாறினால் அது ஆபத்தான கட்டம். முதலில் உடம்பைக் குளிரப்பண்ண வேண்டும், அதற்குப் பிறகுதான் எங்கும் கொண்டுபோகவேண்டும். வைத்தியர்கள் இருவரும் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் அப்பம்மா வளவு மூலையிலிருந்த நீலப் பரலில் வாளியால் அள்ளி அள்ளி அவர்மேல் ஊற்றத் தொடங்கிவிட்டார். நாங்கள் விசிறினோம். கால் மணித்தியாலத்தில் தோழி கண்ணைத் திறந்து, “என்ர தொப்பி எங்கை?” என்று கேட்டார். தீவு வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்து பார்த்தார்கள், சுகமாகிவிட்டார்.

அவர் இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் போக்கும் மாத்திரை எடுக்கிறவர். எங்கள் படிவத்தில் அதை எழுதவில்லை. எழுதினால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்தாராம். நாங்களும் படிவத்தை மின்னஞ்சலில் வாங்கி அடுக்கி வைத்தோமே தவிர, ஒருவரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்கவில்லை. வைத்தியசாலையில் ஒரு பயிற்சி வைத்தியர் இப்படிச் செய்திருந்தால் நன்றாக ஏசியிருப்போம். குளிர்நாட்டு உடம்பு எங்கள் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர் விமானத்தால் இறங்கி மூன்றாம் நாள் மண்வெட்டி பிடித்தார். அதைத் தடுக்காததும் நாங்கள்தான்.

இவ்வளவும் ஒரு பாடமென்று அன்றிரவு இருந்து பேசினோம். அதைவிடப் பெரிய விடயம் கண்ணுக்குப் படவே இல்லை. மறுநாள் மாலை வேலை முடிந்ததும் அதே நீலப் பரலில் அள்ளிச் சாந்தகப்பை கழுவினோம், தாச்சி கழுவினோம், கைகால் முகம் கழுவினோம். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் காலை போனபோது அப்பம்மாவைக் காணவில்லை. சின்னப் பேத்தி சொன்னாள்: “அப்பம்மா விடியமுன்னமே தண்ணிக்குப் போட்டா. எங்களுக்கு ரெண்டு நாளாக் குளிப்பில்லை.”

ஓகஸ்ட் மாதம். சோழகம் அடித்து நிலம் காய்ந்து குளங்களின் அடி வெடித்திருந்தது. அந்த வளவுக் கிணற்று நீர் உவர், வாயில் வைக்க ஏலாது. குடிக்கவும் சமைக்கவும் பவுசரில் வரும் தண்ணீரை அளந்து வாங்கி, போதாததைத் தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் கானாகக் கட்டிக்கொண்டு வந்து அந்தப் பரலில் நிரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் தோழியின் உயிரைக் காத்ததும் அந்தத் தண்ணீர்தான். அதில்தான் நாங்கள் சீமெந்து கழுவியிருக்கிறோம்.

அப்பம்மா இரண்டு கானோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். போய் மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “வேலை செய்த பிள்ளையள் கை கழுவாம என்னெண்டு சாப்பிடுறது?” என்றார். அவ்வளவுதான். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று பகல் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. மாலையில் எங்களில் ஒருவர்தான் சாவகச்சேரியை நினைவுபடுத்தினார். 1995 ஒக்டோபர் 30 இரவு இந்த மண்டபத்திலுள்ள எத்தனையோ பேர் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டீர்கள். நாங்களும் அந்தச் சனத்துக்குள் இருந்தோம். உயர்தரக் கொப்பிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் அடியடியாக நகர்ந்தோம். மழை பெய்தபோது குடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் குடித்தவர்களைக் கண்ணால் கண்டோம். மறுநாள் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டுப் படலையில் ஒரு அம்மா நின்று, போகிற வருகிற எல்லோருக்கும் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் அவர் வளவில் இரண்டு கிழமை இருந்தோம். முதல்நாள் பின்னேரமே அவர் கிணறு கலங்கிவிட்டது. கலங்கல் தண்ணீரை வேட்டித் துண்டால் வடித்துக் கொடுத்தார். எவ்வளவு அள்ளினீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவர் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவுமில்லை.

அந்தக் கிணற்றில் குடித்த நாங்கள்தான், இருபத்தெட்டு வருடம் குழாயைத் திருகிப் பழகிவிட்டு, நெடுந்தீவில் இன்னொரு அம்மாவின் பரலை வெறுமையாக்கியிருக்கிறோம்.

ஆகவேதான் இந்தமுறை ஜனவரி. மாரி மழை முடிந்து குளமும் கிணறும் நிறைந்திருக்கும். வெயிலும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சுவரும் கொங்கிறீட்டும் இறுகத் தினமும் நனைக்க வேண்டும், அதற்கும் அந்தக் காலம்தான் நல்லது. மெல்பேண் கிளைக்கு இது பள்ளி விடுமுறைக் காலம், மகிழ்ச்சி. இலண்டன், ரொறன்ரோ கிளைகளுக்குக் கோபம். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கு ஏற்ப ஓகஸ்டிலேயே வைத்தால் என்ன என்று இன்று காலைகூடக் கேட்டார்கள். தீவில் தண்ணீர் குறைந்திருக்கும் மாதத்தைத் தேடி, பதினான்கு பேராகப் போய் நிற்க எங்களால் ஏலாது. ஆகஸ்டில்தான் வரமுடியும் என்பவர்கள் காசு தாருங்கள், ஜனவரியில் கட்டுவோம். அது குறைந்த பங்கு அல்ல.

வாடைக்காற்று விடாமல் அடித்தால் ஜனவரியிலும் படகு நிற்கும். திரும்பும் விமானத்துக்கும் தீவை விட்டு வெளிக்கிடும் நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளை ஒரு கிழமைக்குக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். வேலை காலை ஆறு முதல் பத்து, பிறகு மூன்றரை முதல் ஆறு. இடையில் ஒருவரும் வெயிலில் நிற்கக்கூடாது, எவ்வளவு உசார் என்றாலும். இருபது நிமிடத்துக்கு ஒருதடவை ஒரு கிளாஸ் தண்ணீர், தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜீவனிப் பைக்கற்றை நாங்கள் கொண்டுவருவோம். எங்கள் குடிதண்ணீர் முழுவதும் எங்களோடு படகில் வரும், அதற்கான கூலியும் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. கருவிகள் கழுவ உவர்க் கிணறு போதும். வீட்டுக்காரரின் பரலைத் தொடவேண்டி வந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அவர்கள் எப்போதும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்குமுன் நன்றாக யோசியுங்கள்.

முதல் வீட்டுக்காரர் ஓடு போட்டுக் குடிபுகுந்துவிட்டார்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலியும் ஒரு தாங்கியும் வைத்துக் கொடுத்தோம். குசினி தனியாக, அப்பம்மா காட்டிய திசையில் இருக்கிறது. அந்த நீலப் பரல் இன்னும் அதே மூலையில்தான் நிற்கிறதாம்.

படிவங்கள் மண்டப வாசல் மேசையில் இருக்கின்றன. இந்தமுறை மின்னஞ்சலில் அனுப்பவேண்டாம். நிரப்பிக்கொண்டு நேரே வாருங்கள், வர முடியாதவர்களைத் தொலைபேசியில் அழைப்போம். வைத்தியர்கள் இருவரும் இன்று மாலை ஐந்து மணிவரை அந்த மேசையில்தான் இருப்போம். எடுக்கிற மாத்திரை ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எழுதினதற்காக ஒருவரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம். ரொறன்ரோத் தோழியும் வருகிறார், நிழலில் இருந்து கணக்கு எழுதுவதற்கு. இம்முறை இரண்டு தொப்பி கொண்டுவருகிறாராம்.